கல்லறைக் குரலில் ஒரு கல்யாணப் பாட்டு

அத்தியாயம் 11

போன வாரம் எங்கள் வீட்டுக் கதையை எங்கே விட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? கல்யாண அறிவிப்பின் மூன்றாம் ஓலையைப் பூசையில் வாசித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் இரண்டு வீட்டாரும் நிற்கும்போது, என் அப்பா சின்னப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம் பையன் கல்யாணத்துல பொண்ணு மாப்ள பீடத்துக்கு நடந்து வர்றப்ப பாடற வருகைப் பாட்டு நாந்தான் பாடப்போறேன். மெட்டுகூட போட்டு முடிச்சிட்டேன்" என்று அறிவித்தார். அங்கேதான் விட்டேன்.

அதோடு நானும் எங்காவது வெளியூருக்குக் கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அதன் பலனைத்தான் இந்த வெள்ளிக்கிழமை அனுபவித்தேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் அருள்ராணி. பென்னாகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. எங்கள் ஊர்க் கோயிலில் பாடகர் குழுவைக் கட்டி மேய்ப்பதும் நான்தான். தம்பி ஆரோக்கிய பிரவீனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, லீவு கிடைத்தால் கீபோர்டு. வருகிற திங்கட்கிழமை அவனுக்குக் கல்யாணம். பெண் மாரண்டஹள்ளிப் பக்கம், பெயர் எழிலரசி.

அப்பா பாடினால் பாடிவிட்டுப் போகட்டுமே, இதில் உனக்கு என்ன வலிக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் யார் இறந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். உடலைக் கிடத்தியதும் ஒரு பாட்டு, தெருவில் தூக்கிப் போகையில் ஒரு பாட்டு, பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஒரு பாட்டு. எல்லாம் அவரே கட்டிய மெட்டு, அவரே கட்டிய வரி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். பாலக்கோடு, மாரண்டஹள்ளி என்று வேன் வைத்து வந்து அழைத்துப் போவார்கள். அவர் வாயைத் திறந்தால் ஊரே அழும். வரப்புத் தகராறில் அண்ணன் முகத்தையே பார்க்காமல் இருந்த ஒரு ஆள், அப்பா பாட ஆரம்பித்ததும் குழி ஓரத்தில் விழுந்து புரண்டு அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் கல்யாணத்துக்கு அவரை யாரும் பாடக் கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானத்துக்கும் இல்லை, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் இல்லை. ஊரில் யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டி வைத்திருந்தோம்.

அந்த முடிவைத்தான் அவர் கோயில் வாசலில் போட்டு உடைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. தொண்டை கெட்டுவிடும் என்று தயிரை நிறுத்திவிட்டார். அறுபத்தைந்து வயதுவரை தயிர் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத மனுஷன். காலையில் வெந்நீர், மாலையில் மிளகு, இடையில் யாராவது பேசினால், "சத்தமா பேச வெக்காதீங்க, கொரல் போயிரும்" என்று சைகை. அம்மா லூர்து மேரி அவருடைய சைகை புரியாமல் உப்பைக் கேட்டால் சர்க்கரையைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் பாடகர் குழு ஒத்திகைக்கு வாருங்கள் என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் விடிந்ததும் எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே உபதேசியார் கல்யாணத்துக்காக மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். சும்மா ஹலோ ஹலோ என்று சொல்வதைவிட ஒரு பாட்டுப் பாடிச் சோதிக்கலாமே என்று இரண்டு பெரிய மனுஷர்களும் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூம்பு ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது.

"கைகோத்து வாராங்க, கர்த்தர் வாசல் தேடி வாராங்க..."

சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல மெட்டு. துள்ளி ஏறுகிற மெட்டு. வரியில் ஒரு இடத்தில்கூடத் துக்கம் இல்லை. பந்தல், பூ, பால், பழம் என்று எல்லாமே மங்களம். ஆனால் சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"ஏம்மா அழற?"

"தெரியலடி. அதுவா வருது."

எனக்கு வாயிலிருந்த பேஸ்ட் தொண்டைக்குள் போனது. அம்மாவுக்கே இப்படி என்றால் ஊருக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வாயைக் கொப்பளிக்காமலே ஓடினேன்.

பஸ் ஸ்டாப்பில் டீக்கடை தர்மன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அவர் எங்கள் கோயில் ஆள்கூட இல்லை. ஆனாலும் அப்பா குரல் கேட்டால் பாதி ஷட்டர், அது அவர் வைத்திருக்கும் மரியாதை. கோயில் வளாகத்துக்குள் போனால் தோளில் துண்டோடு ஆண்கள் நிற்கிறார்கள். பெண்கள் தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்தபடி இருக்கிறார்கள்.

"யாருங்க?"

"தெரியலைங்க. நேத்து ராத்திரிகூட எல்லாரும் நல்லாத்தான இருந்தாங்க."

"சின்னப்பண்ணன் பாடறாருன்னா யாராச்சும் இருக்கணுமே."

இதற்குள் ஒரு டெம்போ உள்ளே வந்து திரும்பி, பின்பக்கத்தைக் காட்டி நின்றது. அதில் ஃப்ரீசர் பெட்டி. ஷாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிற உபைத் பாய் இறங்கினார். எங்கள் கல்யாணத்துக்குப் பந்தலும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறோம்.

"எந்த வூட்ல எறக்கறதும்மா?"

"எந்த வூட்லயும் எறக்க வேணாங்க பாய். யாருக்கும் ஒண்ணும் ஆவல. அப்பா கல்யாணப் பாட்டு ப்ராக்டிஸ் பண்றாரு."

அவர் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது கல்யாணப் பாட்டா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, கர்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

உள்ளே அப்பா கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தில் இருந்தார். பாடி முடித்துக் கண்ணைத் திறந்து, வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ராணி, ப்ராக்டிஸுக்கே இத்தன கூட்டம். திங்கக்கெழமை கோயில் தாங்காது போலருக்குது."

இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கல்யாண லீவில் வீட்டுக்கு வந்திருந்த பிரவீனுக்கு போன் போட்டேன்.

அவன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோயிலை ஒட்டிய ஹாலில் பாடகர் குழுப் பெண்கள் நாலைந்து பேரைக் கூட்டினேன். மெட்டில்தான் கோளாறு என்றால் மெட்டை மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு. பிரவீன் முதலில் அந்தப் பாட்டை அவன் குரலில் பாடினான். பெண்கள் தோளை ஆட்டிக்கொண்டு கை தட்டினார்கள். ஒருத்தி எழுந்து இரண்டு ஸ்டெப்பே போட்டாள். ஒரு கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடுத்து அப்பா பாடினார். இரண்டாவது வரி முடிவதற்குள் ஸ்டெப் போட்டவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, கண்டுபுடிச்சிட்டேன்" என்று பிரவீன் என் காதில் சொன்னான். "ஒவ்வொரு வரிக்கும் கடைசியில அப்பா நிறுத்தறாரு பாரு. நான் பாடறப்ப அடுத்த வரிக்குப் போயிடறேன். அவுரு போவ மாட்டேங்கறாரு. நிக்கறாரு."

கவனித்தேன். உண்மைதான். வரி முடிந்ததும் அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த இடைவெளி எனக்குத் தெரிந்ததுதான். கல்லறையில் அவர் பாடும்போது அந்த இடத்தில்தான் பெண்கள் ஓவென்று குரல் எடுப்பார்கள். அவர்கள் அழுது அடங்கும் வரை அவர் நிற்பார், பிறகுதான் அடுத்த வரி. இத்தனை வருஷமாகக் கட்டிய எல்லாப் பாட்டையும் ஜனங்கள் அழுவதற்கு இடம் விட்டே கட்டியிருக்கிறார். கல்யாணப் பாட்டைக் கட்டும்போதும் கை அதே பழக்கத்தில் போயிருக்கிறது. அவருடைய காதுக்கு அது வித்தியாசமாகவே கேட்கவில்லை.

"அந்த கேப்ப நான் ஃபில் பண்ணிடறேன்" என்றான் பிரவீன். அப்பா மறுபடி பாடினார். வரி முடிந்ததும் இவன் கீபோர்டில் டிரம் சத்தத்தைத் தட்டிவிட்டான்.

அப்பா நிறுத்திவிட்டார். "நடுவுல என்னாத்துக்குடா டமடமன்னு தட்டற?"

"அங்க காலியா இருக்குதுப்பா. அத ரொப்பறேன்."

"அது உனுக்கு விட்ட எடமில்ல. சனங்களுக்கு விட்டது."

"சனங்க அங்க என்னாப்பா பண்ணுவாங்க?"

அப்பா யோசித்தார். "ஏதோ பண்ணுவாங்க. நீ தட்டாத."

நான் இடையில் புகுந்து, நிறுத்தாமல் பாடிப் பாருங்கள் என்றேன். பாடிப் பார்த்தார். மூச்சு முட்டி இருமல் வந்து, வெந்நீர் கேட்டார். வேகத்தைக் கூட்டினோம். சுருதியை ஏற்றினோம். கை தட்டச் சொன்னோம். என்ன செய்தாலும் வரி முடிகிற இடத்தில் அவர் நின்றார், அவர் நின்றால் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பதினொரு மணி வெயிலில் ஹாலே கொதித்தது. எனக்கு அதைவிடக் கொதித்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம்.

இறங்கியவர் ஞானசௌந்தரி அத்தை. எழிலரசியின் அம்மா. கையில் மஞ்சள் பை, பைக்குள் ரோஜா மாலை. தலை கலைந்து கிடக்கிறது. "யாருக்கு என்னாச்சு லூர்து?" என்று கேட்டுக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்ப் புண்ணியவான் ஒருவர் காலையிலேயே மாரண்டஹள்ளியில் இருக்கும் சொந்தக்காரருக்கு போன் போட்டு, சின்னப்பன் வீட்டுப் பக்கம் ஏதோ சாவு என்று சொல்லிவிட்டார். இந்த அம்மா பஸ் மாறி மாறி, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறார்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அத்தை."

"சாவு வூட்டுக்கு போன் போட்டு யாரு செத்ததுன்னு கேக்கறதா கண்ணு? நேர்ல வந்துதான கேக்கணும்."

 நடந்ததைச் சொன்னோம். முதலில் அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பிறகு அந்த மாலையை என்ன செய்வது என்று ஒரு பஞ்சாயத்து. துக்கத்துக்கு வாங்கியதைக் கல்யாண வீட்டுக்குள் எடுக்கலாமா, மாதா படத்துக்குப் போடலாமா, திருப்பி எடுத்துப் போகலாமா என்று இரண்டு சம்பந்தியும் பேசிப் பேசி மாய்ந்து, கடைசியில் ஆட்டோக்காரரிடமே கொடுத்துக் கோயில் வளாகத்து மாதா கெபியில் வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். நான் சோறு போடலாம் என்று உள்ளே போனேன். ஞானசௌந்தரி அத்தை என் பின்னாலேயே சமையற்கட்டுக்கு வந்தார்.

"ராணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன் திங்கக்கெழமை பாட வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நானே அவரைத் திட்டிக்கொண்டிருந்தாலும், வெளி ஆள் சொன்னதும் பொறுக்கவில்லை. சகுனம் கிகுனம் என்று ஆரம்பித்தால் நன்றாகக் கேட்டுவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"சகுனமெல்லாம் நான் பாக்கல கண்ணு" என்றார் அத்தை. "போன வருசம் எங்க வூட்டுக்காரர குழிக்குள்ள எறக்கறப்ப அண்ணந்தான் வந்து பாடினாரு. நல்லாத்தான் பாடினாரு. இப்ப அந்தக் கொரலு காதுல உழுந்தா எங் காலு கல்லறைக்குத்தான் போவுது. எழிலு அப்பன் இல்லாத பொண்ணு. நாந்தான் கையப் புடிச்சி பீடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும். அண்ணன் பாடினாருன்னா நான் பாதி வழியில உக்காந்துருவேன். எம் பொண்ணு தனியா நிக்கும்."

செருகிய முந்தானையை நானே உருவி விட்டுக்கொண்டேன். 

"நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க அத்தை."

"சம்மந்தி மூஞ்சியப் பாத்து எப்பிடி சொல்றது. நீ மக. நீ சொன்னா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு."

சாப்பிட்டுவிட்டு அத்தை மாரண்டஹள்ளிக்குத் திரும்பப் பஸ் ஏறிவிட்டார். நான் நேராகப் பிரவீனிடம் போனேன். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு எழிலரசியிடம் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தான். போனைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

"உன் கல்யாணம், உன் மாமியா. நீ போய்ச் சொல்லு."

"நான் சொன்னா அப்பா மனசு ஒடஞ்சிரும்க்கா."

"நான் சொன்னா?"

"நீ சொன்னா உம்மேல கோவப்படுவாரு. அது எப்பவும் நடக்கறதுதான."

மாப்பிள்ளை முறுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, காரியத்துக்கு மட்டும் அக்கா வேண்டும். அவனை நாலு வார்த்தை வைதுவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, வாய்க்குள் அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தார். மாடு மட்டும்தான் அழாமல் கேட்டது.

வரும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கும் பக்குவத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

"அப்பா, திங்கக்கெழமை நீங்க பாட வேணாம். மெட்டு உங்களுதே இருக்கட்டும். பாட்ட நாங்க குரூப்பா பாடிக்கறோம்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

"ஞானசௌந்தரி அத்தைக்கு மனசு தாங்கலியாம். அவங்க வூட்டுக்காரருக்கு நீங்க பாடினது ஞாபகம் வருதாம். பொண்ணக் கூட்டிக்கிட்டு நடக்க முடியாதுங்கறாங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. "காலையில கோயிலுக்கு வந்த கூட்டம் எதுக்கு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

"யாரோ செத்துட்டாங்கன்னு வந்தாங்கப்பா."

 அவர் மாட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கையைக் கழுவி, தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"மேரி, தயிர் ஊத்து" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  அவ்வளவு நாள் கட்டுப்பாடாக இருந்த மனுஷன், ஒரு சொம்புத் தயிரையும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார். டிவியைப் போட்டு, சத்தத்தை ஏற்றி வைத்து உட்கார்ந்துவிட்டார்.

இத்தோடு இந்த நாள் முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

பொழுது சாயும் நேரத்துக்குக் கோயில் மணி அடித்தது. விட்டு விட்டு அடிக்கிற மணி. துக்க மணி. காலையில் ஏமாந்த ஊர், இப்போதும் ஏதோ ஒத்திகை என்று நினைத்து முதலில் நம்பவில்லை. கீழத் தெரு சூசையண்ணன். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இனி அந்த வீட்டில் பொண்டாட்டி சவரியம்மாவும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளும்தான்.

சூசையண்ணனின் தம்பி எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பாவைக் கூப்பிட வந்தால் அப்படித்தான் நிற்பார்கள்.

"அப்பா, சூசையண்ணன் தம்பி வந்திருக்காரு."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா சொன்னார், "நான் வரலன்னு சொல்லு."

"அப்பா."

"கல்யாணத்துக்கு ஆவாத வாயி, சாவுக்கு மட்டும் எதுக்கு ஆவணும்? சனங்க என்னப் பாத்து பயப்படறாங்கன்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சப்பறம் எப்பிடி பாடறது. உங்க குரூப்பு இருக்குதில்ல, போய்ப் பாடுங்க."

"ஏங்க, செத்தவருமேலயா உங்க கோவத்தக் காட்டறது?" என்று அம்மா சத்தம் போட்டாள். அவர் டிவி சத்தத்தை இன்னும் ஏற்றினார். எனக்கு அந்த ரிமோட்டைப் பிடுங்கிக் கிணற்றில் வீசலாம் போல இருந்தது. அவர் மேல் கோபம், சம்பந்தி மேல் கோபம், பிரவீன் மேல் கோபம், என் வாய் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். வாசலுக்கு வந்து, அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, நான் வருகிறேன் என்றேன். தம்பிக்காரர் உள்ளே ஓடும் டிவியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். 

சூசையண்ணன் வீட்டில் உபைத் பாயின் பெட்டி வந்திருந்தது. நான் குழுப் பெண்களை நிற்க வைத்து, அப்பாவின் பாட்டையே எடுத்தேன். முதல் பாட்டு, உடலைக் கிடத்தியதும் பாடுவது. சின்ன வயசிலிருந்து கேட்ட பாட்டு, ஒரு வரி பிசகவில்லை. சுருதி பிசகவில்லை. அவர் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் நானும் நிறுத்தினேன்.

நிறுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் சும்மா நின்றது. யாரோ இருமினார்கள். நான் அடுத்த வரிக்குப் போனேன். மறுபடி நிறுத்தினேன். பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், தெருவைப் பார்த்தார்கள். அப்பா வருகிறாரா என்று பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா நிற்கும்போது அவர் எதையாவது கணக்குப் பார்த்து நிற்கிறாரா, யார் முகத்தையாவது பார்த்து நிற்கிறாரா, ஒரு நாளாவது கவனித்திருந்தால்தானே. பாட்டை எப்படியோ முடித்தேன்.

சவரியம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. இரண்டு பெண் பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவள் அழாததால் தாங்களும் அழாமல் உட்கார்ந்திருந்தன. என்னைக் கையால் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நல்லாத்தான் பாடற ராணி. ஆனா எனக்கு அழுவ வரல. சாயங்காலம் பிடிச்சி பாக்கறேன், வரவே இல்ல. இந்த மனுசன் இப்பிடிக் கெடக்கறாரு, நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறேன். நெஞ்சு வலிக்குது. உங்கப்பாவ வரச் சொல்லு கண்ணு."

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். நாற்காலிகளைத் தாண்டி, முருங்கை மரத்தடியில் இருட்டாக இருந்த இடத்துக்குப் போய் அப்பாவுக்கு போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. பாட வேண்டாம் என்று மத்தியானம் சொன்ன அதே வாயால் இப்போது எப்படிக் கூப்பிடுவது?

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் டிவி சத்தம் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார், "சவரி அழுதுதா?"

"இல்லப்பா."

அந்தப் பக்கம் பதில் வரவில்லை. போனையும் அவர் வைக்கவில்லை.